எஞ்சினுக்கு முன்னால் கியர்பாக்ஸ்

1969-ஆம் வருட ஷெவர்லே கமாரோ ஒன்று மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். டயரின் விட்டம் 26 அங்குலம். அந்த வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 805 முறை சுழல வேண்டும். பின் ஆக்சிலில் கிரவுன்-பினியன் விகிதம் 3.73 என்றால், புரொப்பெல்லர் ஷாஃப்ட் 3,000 சுற்று சுற்றும். அந்தக் காலத்து நான்கு கியர் மன்சி பெட்டியின் டாப் கியர் நேர் கியர், ஒன்றுக்கு ஒன்று. ஆகவே எஞ்சினும் 3,000 சுற்றில் ஓடும். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் பரவலாக இருக்கும் 70 மைல் வேகத்துக்குப் போனால் 3,400-ஐ நெருங்கிவிடும். அந்த இரைச்சலில் பக்கத்தில் இருப்பவரோடு பேசக் குரலை உயர்த்த வேண்டும். இரண்டு மணி நேரம் ஓட்டி இறங்கினால் காது அடைத்திருக்கும்.

இந்தக் காரிலிருந்து பழைய எஞ்சினை இறக்கிவிட்டு, புதிய தலைமுறை அலுமினிய வி8 ஒன்றை ஏற்றினாலும் மேலே சொன்ன கணக்கில் ஒரு சுற்றுகூடக் குறையாது. குதிரைத்திறன் கூடும். குளிர்காலக் காலையில் சாவியைத் திருப்பியதும் கிளம்பும். கார்புரேட்டரோடு மல்லுக்கட்டும் வேலை ஒழியும். ஆனால் கியர்பாக்ஸ் பழையதாகவே இருந்தால், நெடுஞ்சாலையில் அது பழைய கார்தான். கிளாசிக் கார்களுக்கு எஞ்சின் மாற்றுகிறவர்கள் மாதக்கணக்கில் எஞ்சினைப் பற்றியே பேசுகிறார்கள், அதற்கே பணத்தைச் சேர்க்கிறார்கள். கியர்பாக்ஸ் கடைசியில், மிச்சமிருக்கும் பணத்தில், கையில் அகப்பட்டதாக வந்து சேருகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். காரை எந்தச் சாலையில், எந்த வேகத்தில், யார் ஓட்டப் போகிறார் என்று முதலில் முடிவாகட்டும். அதிலிருந்து ஆக்சில், அதிலிருந்து கியர்பாக்ஸ், அதற்குப் பிறகு எஞ்சின்.

பெட்ரோல் மலிவாக இருந்த காலம்

ஷாஃப்டைவிட எஞ்சினை மெதுவாக ஓடவிடும் ஓவர்டிரைவ் கியர் 1960-களில் டெட்ராய்ட் பொறியாளர்களுக்குத் தெரியாத விஷயமில்லை. தேவைப்படவில்லை, அவ்வளவுதான். பெட்ரோல் மலிவு. வாங்குகிறவர் கேட்டது சிக்னலிலிருந்து சிக்னல் வரை பாய்ந்து போகும் கார். அதற்கு ஆக்சில் விகிதத்தைக் கூட்டி, டாப் கியரை நேராக வைத்துவிட்டால் போதும். கமாரோவோடு அன்று கிடைத்த பெட்டிகளைப் பார்த்தாலே இது விளங்கும். பவர்கிளைடு ஆட்டோமேட்டிக்கில் இரண்டே கியர். டர்போ ஹைட்ராமேட்டிக் 350-இல் மூன்று. மன்சி மேனுவலில் நான்கு. எண்ணிக்கை எதுவானாலும் கடைசி கியர் ஒன்றுக்கு ஒன்றுதான்.

1973-இன் எண்ணெய் நெருக்கடி இந்த வசதியான ஏற்பாட்டைக் குலைத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1982-இல் 700ஆர்4 என்ற நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கைக் கொண்டுவந்தபோது, அதன் நான்காவது கியர் 0.70. அதே ஆக்சில், அதே டயர் இருந்தாலும் 100 கிலோமீட்டர் வேகத்தில் 3,000 சுற்று 2,100 ஆகிவிடும். மேனுவலில் போர்க்-வார்னர் டி5 ஐந்தாவது கியரைக் கொடுத்தது. 1992-இல் டாட்ஜ் வைப்பரோடு வந்த டி56, இரண்டு ஓவர்டிரைவ் கியர்களோடு மொத்தம் ஆறு கொடுத்தது. இன்று ஒரு பழைய காரை மறுபடி நெடுஞ்சாலைக்கு உரியதாக்க விரும்புகிறவர், உண்மையில் இந்த முப்பது ஆண்டு முன்னேற்றத்தைத்தான் காருக்குள் ஏற்ற விரும்புகிறார். புதிய எஞ்சினின் பங்கு அதில் பாதிதான்.

கார்வெட்டில் இருக்கும் வலை

1997-இல் ஐந்தாம் தலைமுறை கார்வெட்டோடு எல்எஸ்1 எஞ்சின் வந்தது. 5.7 லிட்டர், 345 குதிரைத்திறன், 475 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. அடுத்த ஆண்டே கமாரோவுக்கும் வந்தது. பிறகு அதே குடும்பத்தின் 4.8, 5.3, 6.0 லிட்டர் எஞ்சின்கள் பிக்கப் லாரிகளில் லட்சக்கணக்கில் போயின. அமெரிக்கப் பழைய வண்டி உடைப்புக் கிடங்குகளில் அவை குவிந்து கிடப்பதால்தான், பழைய காருக்குப் புது எஞ்சின் என்றாலே அங்கே பெரும்பாலும் எல்எஸ் என்று ஆகிவிட்டது. பெல் ஹவுசிங்கை எஞ்சினோடு பிணைக்கும் போல்ட் துளைகள், ஒரு துளை நீங்கலாக, 1955-இன் சிறிய வி8 காலத்து அமைப்பையே பின்பற்றுகின்றன. பழைய ஷெவர்லே பெட்டி எதையும் இதோடு கோர்த்துவிடலாம் என்ற நம்பிக்கை பிறப்பது இங்கேதான்.

அந்த நம்பிக்கையில் பாதிதான் உண்மை. விபத்தில் நொறுங்கிய கார்வெட் ஒன்றிலிருந்து எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்து வாங்குகிறவர் முதலில் திகைப்பது, கியர்பாக்ஸ் எஞ்சினுக்குப் பின்னால் இல்லை என்பதைக் கண்டு. எடையை முன்னும் பின்னும் சமமாகப் பிரிப்பதற்காகக் கார்வெட்டில் அதைப் பின் ஆக்சிலோடு சேர்த்து வைத்தார்கள். பழைய கமாரோவிலோ ஷெவெல்லிலோ அதற்கு இடமே கிடையாது. பெயரளவில் அதுவும் டி56தான். வேண்டியது 1998 முதல் 2002 வரையிலான கமாரோ, ஃபயர்பேர்டு கார்களில் எஞ்சினுக்குப் பின்னாலேயே பூட்டப்பட்ட வகை. பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் பணம் முடங்கும்.

இன்னொரு சங்கதி 10 மில்லிமீட்டரில் ஒளிந்திருக்கிறது. பெரும்பாலான எல்எஸ் எஞ்சின்களில் கிராங்க் ஷாஃப்டின் பின்முகம் பழைய சிறிய வி8-ஐவிட அந்த அளவு உள்ளே தள்ளி இருக்கும். பழைய ஆட்டோமேட்டிக் பெட்டியை இதோடு பூட்டும்போது டார்க் கன்வெர்ட்டரின் மூக்கு கிராங்கை எட்டாது. நடுவில் ஒரு ஸ்பேசர் வளையம் வேண்டும். அது இல்லாமல் போல்ட்டை முறுக்கி இழுத்துவைத்தால், கன்வெர்ட்டர் ஆயில் பம்ப்பிலிருந்து வெளியே வந்துவிடும் அல்லது மையம் விலகிச் சுழலும். புதிதாகப் பிரித்து மாட்டிய பெட்டிகூட அப்படி முதல் ஓட்டத்திலேயே பம்ப் உடைந்து நின்றுபோகும். எல்லாம் சரியாக அமைந்தால், பெட்டியைப் பூட்டியபின் கன்வெர்ட்டர் கிராங்கோடு பூட்டிய தகட்டைத் தொட முன்பக்கம் மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் நகர வேண்டியிருக்கும். இந்த அளவை எடுக்காமல் போல்ட் போடுகிற பட்டறையை நம்பக் கூடாது.

பின்னாலிருந்து முன்னால்

தேர்வின் அடித்தளம் இரண்டே எண்கள். நெடுஞ்சாலையில் எஞ்சின் எத்தனை சுற்றில் ஓட வேண்டும் என்பது ஒன்று. நின்ற இடத்திலிருந்து கிளம்ப எவ்வளவு இழுவை வேண்டும் என்பது மற்றது. இரண்டாவதற்கு, முதல் கியர் விகிதத்தை ஆக்சில் விகிதத்தால் பெருக்குவார்கள். வி8 எஞ்சினும் மேனுவல் கியரும் உள்ள தெருக் காருக்கு அந்தப் பெருக்கல் 10-ஐ ஒட்டி வந்தால் நல்லது. 9-க்குக் கீழே போனால் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் கிளட்சைத் தேய்க்க வேண்டியிருக்கும். 12-ஐத் தாண்டினால் முதல் கியர் கண்சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும், டயர்தான் கரையும்.

1998 கமாரோவின் டி56-ஐ எடுத்துக்கொள்வோம். முதல் கியர் 2.66, ஆறாவது 0.50. ஆக்சில் 3.73 என்றால் பெருக்கல் 9.9. ஆறாவதில் 100 கிலோமீட்டருக்கு 1,500 சுற்று. எல்எஸ்1 போன்ற பெரிய எஞ்சின் அதைத் தாங்கிக்கொள்ளும். அதே பெட்டியை, பழைய காரோடு வந்த 3.08 ஆக்சிலோடு விட்டுவிட்டால் என்ன ஆகும்? முதல் கியர் பெருக்கல் 8.2. ஆறாவதில் 1,240 சுற்று. எஞ்சின் முக்கும், லேசான மேட்டிலும் ஐந்தாவதுக்கு இறக்க வேண்டும். ஆறு கியர் என்று காசு கொடுத்து வாங்கி, ஐந்தை மட்டும் பயன்படுத்தும் கார் அது. கியர்பாக்ஸின் விலையைச் சொல்லும் யாரும் கிரவுன்-பினியன் மாற்றும் விலையைச் சேர்த்துச் சொல்வதில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. இரண்டும் ஒரே தேர்வின் இரு பாதிகள்.

மேனுவலில் கைகொடுப்பவை

டி5 இலகுவானது, மலிவானது, பழைய கார்களின் தரையில் கியர்பாக்ஸுக்காக எழும்பிய நடுமேட்டுக்குள் அதிக ரகளை இல்லாமல் நுழையும். ஆனால் அதன் வலுவான வகையே ஏறக்குறைய 447 நியூட்டன் மீட்டருக்குத்தான் மதிப்பிடப்பட்டது. எல்எஸ்1 தருவது 475. நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கோ மிதமான ஆறு சிலிண்டருக்கோ டி5 அருமையான பெட்டி. பெரிய வி8-க்கு அது தற்காலிக ஏற்பாடு.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கியர்பாக்ஸுக்கு எழுதப்பட்ட முறுக்கு விசை அளவு முழு உண்மையைச் சொல்லாது. காரின் எடையும் டயரின் பிடிமானமும் அதில் சேர வேண்டும். இலேசான காரில், ஒல்லியான டயரில், அளவுக்கு மீறிய விசை வந்தால் டயர் வழுக்கிவிடும். அந்த வழுக்கலே பெட்டிக்குப் பாதுகாப்பு. அதே காரில் அகலமான, ஒட்டிப்பிடிக்கும் டயரைப் போட்டு, கிளட்சைச் சட்டென்று விட்டால், அதிர்ச்சி முழுவதும் கியரின் பற்களில் போய் விழும். பலவீனமான பெட்டி நெடுங்காலம் உழைத்ததையும் பலமான பெட்டி ஒரே வாரத்தில் போனதையும் இதை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும்.

ட்ரெமெக் நிறுவனத்தின் டி56 மேக்னம் ஏறக்குறைய 950 நியூட்டன் மீட்டர் தாங்கும், கியர் லீவரை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பொருத்தலாம். குறை அதன் உடம்பு. முதல் தலைமுறை கமாரோவில் அதை நுழைக்க, தரையின் நடுமேட்டை வெட்டி உயர்த்தி வெல்டு வைக்க வேண்டும். அதே நிறுவனம் 2021-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஐந்து கியர் டிகேஎக்ஸ் இந்தச் சிக்கலை மனதில் வைத்தே சிறிதாக வார்க்கப்பட்டது. ஏறக்குறைய 813 நியூட்டன் மீட்டர் தாங்கும். முதல் கியர் 2.87, ஐந்தாவது 0.68 உள்ள வகையை 3.55 ஆக்சிலோடு இணைத்தால் பெருக்கல் 10.2. 100 கிலோமீட்டருக்கு 1,940 சுற்று. பழைய காருக்கு இதைவிடப் பாந்தமான எண்களை நான் பார்த்ததில்லை. ஆறாவது கியர் இல்லையே என்ற ஏக்கம் விளம்பரம் வளர்த்த ஏக்கம். ஐம்பது ஆண்டு பழைய தகட்டை வெட்டாமல் காப்பாற்றுவது அதைவிடப் பெரிய லாபம்.

ஆட்டோமேட்டிக்கில் வரும் தலைவலி

700ஆர்4-ஐ எல்எஸ் எஞ்சினோடு இணைக்க நினைப்பவர் ஒரு கேபிளைப் பற்றித் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். ஆக்சிலரேட்டர் எவ்வளவு மிதிக்கப்படுகிறது என்பதை அந்தக் கேபிள் பெட்டிக்குச் சொல்லும். அதை வைத்துத்தான் உள்ளே ஆயில் அழுத்தம் கூடும், குறையும். கேபிளின் அளவு தப்பினால் அழுத்தம் போதாமல் கிளட்ச் தகடுகள் வழுக்கிக் கருகும். வெளியே ஒரு சத்தமும் கேட்காது. கியர் கொஞ்சம் மெதுவாக விழுகிறது என்று தோன்றும்போதே உள்ளே சேதம் தொடங்கிவிட்டிருக்கும். மின்னணு த்ராட்டில் உள்ள புதிய எஞ்சினில் அந்தக் கேபிளை மாட்டுவதற்கே இடமில்லை.

1993-இல் வந்த 4எல்60இ அதே பெட்டியின் மின்னணு வடிவம். பெயரிலேயே விவரம் இருக்கிறது. 4 முன்னோக்கு கியர்களின் எண்ணிக்கை. எல் என்றால் எஞ்சின் நீளவாட்டில் அமர்ந்த காருக்கு. 60 வலிமை வரிசை. இ என்றால் எலெக்ட்ரானிக். கேபிள் தொல்லை போயிற்று, எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரே பெட்டியையும் இயக்கும். எல்எஸ் எஞ்சினோடு வயரிங்கும் கம்ப்யூட்டரும் சேர்த்து வாங்கினால் வேலை பெரிதும் சுலபம். ஆனால் அதன் முதல் கியர் 3.06, இரண்டாவது 1.63. எஞ்சின் 6,000 சுற்றில் இருக்கும்போது கியர் மாறினால் 3,200-க்கு விழும். பெரிய கேம் ஷாஃப்ட் போட்ட எஞ்சின் அந்தச் சரிவில் தடுமாறும். உள்ளே மூன்றாவது-நான்காவது கியருக்கான கிளட்ச் கட்டு சீக்கிரம் தேயும். சன் ஷெல் என்ற உருளை உடைந்தால் இரண்டாவது, நான்காவது, ரிவர்ஸ் மூன்றும் ஒரே நேரத்தில் போய்விடும். சாதாரண 5.3 லிட்டர் எஞ்சினோடு, நிதானமாக ஓட்டும் குடும்பக் காருக்கு இது போதும். அதற்கு மேல் எதிர்பார்த்தால் இந்தப் பெட்டியில் கொட்டும் பணம் தொடர்கதையாகும்.

அதற்கு மாற்று 4எல்80இ. 1991-இல் பெரிய லாரிகளுக்காக வந்தது. வேர் 1964-இன் டர்போ ஹைட்ராமேட்டிக் 400. கியர்கள் 2.48, 1.48, 1.00, 0.75. அந்த 6,000 சுற்று இங்கே 3,580-க்குத்தான் விழும். எண்ணெய் இல்லாமலே 100 கிலோவுக்கு மேல் எடை, 4எல்60இ-யைவிடக் கணிசமாக அதிகம். அகலமும் அதிகம், நடுமேட்டில் சம்மட்டி வேலை உண்டு. ஆனாலும் டர்போ பூட்டிய, கனமான, உண்மையிலேயே இழுக்க வேண்டிய காருக்கு நான் தயங்காமல் இதையே சொல்வேன். எந்த ஆட்டோமேட்டிக் ஆனாலும் தனி ஆயில் கூலர் வைக்காமல் வண்டியை வெளியே எடுக்கக் கூடாது. இந்தப் பெட்டிகளுக்கு வெப்பம்தான் எமன்.

ஆறு கியர் 6எல்80 ஆசை காட்டும். முதல் கியர் 4.02, ஆறாவது 0.67. 2006-இல் வந்தது. அதன் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளேயே எண்ணெயில் மூழ்கி இருக்கிறது. அதோடு பேச, அதே காலத்து எஞ்சின் கம்ப்யூட்டர் வேண்டும். முதல் எல்எஸ் எஞ்சின்களில் கிராங்கின் நிலையைச் சொல்லும் சக்கரத்துக்கு 24 பல், பிந்தையவற்றில் 58. இரண்டு தலைமுறையையும் கலந்தால் வயரிங் வேலை கியர்பாக்ஸ் வேலையைவிட நீண்டுவிடும். எஞ்சினையும் இதையும் ஒரே காரிலிருந்து எடுக்க முடிந்தால் மட்டும் யோசிக்கலாம்.

பூட்டும் கை

மேனுவல் பெட்டியைப் பூட்டுமுன் பெல் ஹவுசிங்கின் மையம் கிராங்கின் மையத்தோடு ஒத்துப்போகிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். கேஜ் காட்டும் மொத்த விலகல் 0.127 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். மீறினால் மையம் தள்ளிய டவல் பின் போட்டுச் சரிசெய்யலாம். அரை நாள் வேலை. இதைச் செய்யாத வண்டியில் கியர் இறுகுகிறது, கிளட்ச் அதிர்கிறது, பைலட் பேரிங் போகிறது. பழி மட்டும் கியர்பாக்ஸ் மேல் விழுகிறது.

அடுத்தது புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம். யூ-ஜாயிண்ட் ஒன்று கோணத்தில் சுழலும்போது, ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறைகிறது. மறுமுனை ஜாயிண்டும் அதே கோணத்தில் இருந்தால் அந்த ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். எனவே கியர்பாக்ஸ் பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ, பினியன் அவ்வளவே நிமிர்ந்திருக்க வேண்டும். புதிய பெட்டி நடுமேட்டில் இடிக்கிறது என்று அதன் வாலை மட்டும் இறக்கி வைப்பவர்கள் இந்தச் சமநிலையைக் குலைக்கிறார்கள். ஓவர்டிரைவ் எஞ்சினை மட்டும்தான் மெதுவாக்கும். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஷாஃப்ட் எந்த கியரிலும் அதே 3,000 சுற்றில்தான் சுழல்கிறது. எஞ்சின் இரைச்சல் அடங்கியதும், இதுவரை அதில் மறைந்திருந்த ஷாஃப்டின் அதிர்வு வெளியே தெரியும். புது கியர்பாக்ஸ் ஊளையிடுகிறது என்று வரும் புகார்களில் பெரும்பகுதி கோணக் கணக்குதான்.

நம் ஊரில் நடந்த மாற்றம்

இதை அமெரிக்கப் பொழுதுபோக்கு என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-இல் கான்டெஸாவைக் கொண்டுவந்தபோது, அந்த நீண்ட உடலுக்குள் இருந்தது அம்பாசடரின் 1,489 சிசி எஞ்சின்தான். காருக்கு அது போதவில்லை என்பதை ஓட்டியவர் எல்லோரும் உணர்ந்தார்கள். பிறகு இசுசுவின் 1.8 லிட்டர் எஞ்சின் ஐந்து கியர் பெட்டியோடு வந்ததும்தான் கான்டெஸா தன் உருவத்துக்கு ஏற்ற நடையைப் பெற்றது. 1990-களில் அம்பாசடர் 1800 ஐஎஸ்இசட்டிலும் அதே எஞ்சின் வந்தது, ஸ்டியரிங் கழுத்திலிருந்த கியர் தரைக்கு இறங்கி ஐந்தானது. எஞ்சினை மட்டும் மாற்றிவிட்டு நான்கு கியரை அப்படியே விட்டிருந்தால் பாதிப் பயன்தான் கிடைத்திருக்கும். தொழிற்சாலை எஞ்சினையும் பெட்டியையும் சேர்த்தே யோசித்தது.

தனி ஒருவர் இதைச் செய்ய முனைந்தால் இந்தியாவில் சட்டம் குறுக்கே நிற்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றின் விவரம் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதைக் கண்டிப்பாகவே உறுதிசெய்தது. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கான 2021-ஆம் ஆண்டு விதிகளும் அசல் வடிவம் கெடாமல் இருப்பதையே நிபந்தனையாக்குகின்றன. எஞ்சினைத் தொடுமுன் ஆர்டிஓ அலுவலகத்தில் எழுத்துப்பூர்வ அனுமதி கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. கலிபோர்னியாவில் 1975 மாடல் வரையிலான பெட்ரோல் கார்களுக்குப் புகைச் சோதனையே கிடையாது. இந்தக் கலை அங்கே இவ்வளவு செழித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

முதலில் சொன்ன கமாரோவுக்கு எதைச் சொல்வேன்? தினசரி ஓட்டவும் வெளியூர் போகவும் ஆசைப்படும், கிளட்ச் மிதிக்கத் தயங்காத ஒருவருக்கு டிகேஎக்ஸ், 3.55 ஆக்சில், மிதமான 5.3 லிட்டர் எஞ்சின். வீட்டில் எல்லோரும் ஓட்ட வேண்டும் என்றால் 4எல்60இ, 3.42 ஆக்சில், நல்ல ஆயில் கூலர். முதல் கியர் பெருக்கல் 10.5, நெடுஞ்சாலையில் 1,930 சுற்று. 500 குதிரைத்திறனுக்கு மேல் போகும் எண்ணம் என்றைக்காவது வரும் என்று தெரிந்தால், இன்றைக்கே 4எல்80இ அல்லது மேக்னம். நடுமேட்டை ஒருமுறை திறந்தால் போதும், பெயிண்ட் அடித்தபின் இரண்டாம் முறை திறக்க வேண்டாம். எதை வாங்கினாலும் பணம் கொடுக்குமுன் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி நான்கு அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டி அமரும் இடத்தில் நடுமேட்டின் அகலமும் உயரமும், சீட்டிலிருந்து கியர் லீவர் வரையிலான தூரம், பினியன் நிமிர்ந்திருக்கும் கோணம். விற்பவரிடம் அந்த அளவுகளைச் சொல்லிக் கேளுங்கள், அவரும் தன் பெட்டியின் அளவுகளை எண்களிலேயே சொல்லட்டும்.